மயக்கந் தீர்த்தல் தலைவன் கடன்

மக்கள் கூடி வாழும் வாழ்க்கை சொல்லால் நடைபெறுவது. ஒருவன் உள்ளத்து எண்ணியதைப் பிறனொருவன் நேரே காண்டல் இயலாது. முகக்குறிப்பாலும் செயலாலும் ஓரளவு உய்த்துணரலாமேயன்றி, உள்ளவாறு அறிதற்குச் சொல்லே வாயிலாகும். அச்சொல் தெளிவுடையதாயின் உள்ளங்கள் ஒன்றுபடும். தெளிவின்றேல் ஒரே கருத்துடையாரும் பகைவராய்ப் பிரிவர். இவ்வுண்மை இருவரிடையே நிகழும் உரையாடற்கும் பொருந்துமாயினும், பலரை நடத்துந் தலைமை பூண்டார்க்கே பெரிதும் பொருந்துவதாம். என்னை? தனியொருவன் பிழைபடச் சொல்லின், அதனால் விளையுங் கேடு அவனோடும் அவனைச் சார்ந்த சிலரோடும் ஒழியும். தலைவன் பிழைபடச் சொல்லினும், சொல்ல வேண்டுவதைச் சொல்லாதொழியினும், அக்கேடு அவனைத் தொடர்ந்து நிற்பார் அனைவரையும் பற்றும்.

தலைவனொருவன் கருத்தை அவன்கீழ் வாழ்வோர் திரித்துணர்ந்தவழிக் குற்றம் யாருடையது? சொன்னவனதோ, கேட்டவரதோ? திரிபு நிகழ்ந்தபின் அதனை நீக்குதல் தலைவனுக்குக் கடனோ, அன்றி அவன் விரும்பினாற் செய்தற்குரிய அருட்செயலோ? தன் செயலுக்குக் காரணங் கூறுதல் தலைமைக்கு இழுக்காகுமோ? இவ்வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஐயமும் திரிபும்

அளவை நூல் வல்லார் காட்சியின் குற்றங்களை ஆராயுமிடத்து, ஐயம் என்றும் திரிபு என்றும் வேறு பிரித்து ஓதுவர். மாலை மயங்கிய நேரத்தில் சேய்மைக்கண் நிற்பதொன்றைக் கண்டு, இது குற்றியோ மகனோ என ஒன்றினும் நில்லாது உள்ளம் ஊசலாடுதல் ஐயமாம். வழியிற் கிடந்த கயிற்றைப் பாம்பென்றே துணிந்து அஞ்சி நடுங்குதல் திரிபாம். இவ்விரண்டும் மெய்யுணர்வுக்குத் தடையாதலில் ஒத்தனவேயாயினும், தம்முட் பெரிதும் வேறுபட்டவை. ஐயுற்றவன் தன் அறியாமையைத் தான் அறிவான். ஆதலின் அருகிலுள்ளாரை வினவுவான். திரிபுற்றவனோ தான் அறிந்துவிட்டதாகவே கருதியிருப்பன். ஆதலின் ஒருவரையும் வினவான். ஐயம் தலைவன் வாயிலை நாடித் தானே வரும். திரிபு வாராது, அதனைத் தலைவனே தேடிச் செல்லுதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. கயிற்றைப் பாம்பெனக் கண்டு அஞ்சினானை நோக்கி, ‘பேதாய், ஏன் அஞ்சுகின்றாய்?’ என வைதலால் அவ்வச்சம் நீங்குமோ? நீங்காது. ‘பாம்பில்லை, பாம்பில்லை’ என வாளா பன்முறை கூறினும் முற்றும் நீங்காது. விளக்கொன்று கொணர்ந்து காட்டின் அப்பொழுதே நீங்கும். அவ்விளக்கைக் கொணர்தற்கு உரியவர் யாவர்? கயிற்றை அவ்விடத்து இட்டவன் எவனோ அவனே உரியன். அது கயிறென்பதை ஐயமற அறிந்தவன் அவனாகலின். ஆணையிடுந் தலைவனுக்கும் ஈதொக்கும். ஆணையின் நோக்கத்தை அறிந்தவன் ஆணையிட்டவனே. கேட்டவர் அறிந்தது அவன் சொல்லளவே. அறிவு எவன்பால் உளதோ, விளக்குங் கடனும் அவன்பாலதேயாம்.

இங்ஙனங் கூறுதலாற் கேட்டவர்பாற் குற்றம் சிறிதுமில்லை என்பது எம் கருத்தன்று. விரைந்து துணிதலும், செவிவழிச் செய்தியை ஆராயாது ஏற்றலும் குற்றங்களே. ஆயினும் முதற்கடன் அறிந்தான்மேலதே. உயிர்கள் அறிவிக்க அறியும் இயல்பின என்பது சித்தாந்தத் துணிபு. ‘யான் நல்லதே செய்கின்றேன், அதனை அவர்கள் தாமே உணர்ந்து கொள்ளட்டும்’ என்று வாளாவிருக்குந் தலைவன் இத்துணிபை மறந்தவனாவன்.

வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்தது

இதனை ஒரு வரலாற்று நிகழ்ச்சியின்கண் வைத்துக் காண்பாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில், சென்னைப் படைக்குத் தலைமைச் சேனாபதியாயிருந்தவர் சர் ஜான் கிரடாக் என்பார். அக்காலத்து ஆளுநர் வில்லியம் பெண்டிங்கு பிரபு. 1805-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சிப்பாய்களின் உடைபற்றியும் தோற்றம்பற்றியும் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. அணிவகுத்து நிற்கும்போது இந்துக்கள் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது, காதணி பூணலாகாது, முகம்மதியர் தாடியை மழித்தல் வேண்டும், மீசையும் ஒரே அளவினதாகக் கத்தரிக்கப்படல் வேண்டும் என்பன அவை. பழைய தலைப்பாகைக்கு மாறாக, தோலாலாய சின்னமொன்று தைத்த புதிய தலையணியும் வந்தது. அது பார்வைக்கு ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது.

விதித்தவர் நோக்கம் படையினர் யாவரும் ஒரு தோற்றத்தினராய் விளங்கல் வேண்டுமென்பது. அணிந்தவர் உணர்ந்ததோ வேறு. நீறும் நாமமும் நெற்றியினின்று அகன்றன, தாடி அகன்றது, தொப்பி வந்தது, அதிலுள்ள தோல் பசுவினதோ பன்றியினதோ என்ற ஐயமும் உடன்வந்தது. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கியவர், தம்மை மதம் மாற்றுதற்கே இவையெல்லாம் அமைக்கப்படுகின்றன எனத் துணிந்தனர். முதலில் அவர்பால் எழுந்தது ஐயமே. அவர் வாயிலை நாடி வந்து முறையிடவுஞ் செய்தனர். 1806 மே மாதத்தில் புதிய தலையணியை மறுத்த சிப்பாய்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டனர்; அவருள் ஓர் இந்துவும் ஒரு முகம்மதியரும் கசையடி பெற்றுப் படையினின்றும் நீக்கப்பட்டனர். வினாவிற்கு விடை கசையடியாக வந்தபின் ஐயம் என்னாகும்? அது திரிபாய் முற்றி வாய்மூடிக் கொள்ளும். அதன்பின் வேலூரில் முறையீடு குறைந்தது; மறைவிற் கூடும் கூட்டம் மிகுந்தது. வாயடங்கினமையைத் தலைவர் மனமடங்கினமையாகக் கொண்டனர்.

இடையில் ஒரு வாய்ப்பும் வந்து கைவிடப்பட்டது. முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், நிகழவிருப்பதைத் தன் பட்டாளத் தலைவரான போர்ப்ஸ் என்பாருக்கு ஜூன் மாதத்திலேயே தெரிவித்தான். அத்தலைவர் தாமே ஆராயாது, செய்தியை இந்திய அதிகாரிகள் குழுவொன்றின்பால் ஒப்புவித்தார். அக்குழுவினர் அதனை அடிப்படையற்றதெனக் கூறிவிட்டனர். உரைத்தவன் சிறைப்பட்டான்.

1806 ஜூலை 10-ஆம் நாள் வைகறைக்கு முன் வேலூர்க் கோட்டை எழுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியப் படைஞர் அன்று மாண்டனர். ஆர்க்காட்டினின்றும் கில்லஸ்பி என்பார் நடத்திவந்த குதிரைப்படை சில நாழிகையிற் கோட்டையுட் புகுந்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். அதன்பின் அவ்விதிகள் நீக்கப்பட்டன. 1807-இல் ஆளுநரும் சேனாபதியும் தம் பதவியினின்றும் திருப்பியழைக்கப்பட்டனர். இத்துணை உயிரும் மாயுமுன் நீக்கியிருத்தற்குரிய விதிகள் மாய்ந்தபின் நீக்கப்பட்டன.

எல்லாம் மயக்கமோ?

ஈண்டு அறிவுடையோர் ஒரு தடை எழுப்புவர். ‘வேலூரில் நிகழ்ந்ததைக் கருத்துத் திரிபு என்றல் பொருந்துமோ? அஃது அடிமைப்பட்ட மக்கள் அடக்குமுறையை எதிர்த்து எழுந்த எழுச்சியன்றோ? திப்பு சுல்தானின் மைந்தர் அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனரே. அவர் குடியின் கொடியும் அன்று ஏற்றப்பட்டதே. விடுதலைப் போருக்கு முன்னோடியெனப் போற்றப்பட்டு, 2006-இல் அதன் இருநூறாம் ஆண்டு நினைவாக இந்திய அஞ்சல் துறை தபால் தலையும் வெளியிட்டதன்றோ?’ என்பர்.

இத்தடை மிகவும் பொருளுடையது. இதற்கு விடை காணாது மேற்செல்லுதல் கூடாது. திரிபு வேறு, உண்மைக்குறை வேறு. ‘எம்மை மதம் மாற்றப் போகின்றனர்’ என்று சிப்பாய் துணிந்தது திரிபாகலாம். ‘எம் நெற்றியில் நீறிடுதலைத் தடுக்கின்றனர்’ என்று அவன் வருந்தியது திரிபன்று, கண்கூடான உண்மை. ஆணையின் நோக்கம் யாதாயினும், வழிவழி வந்த சமயக்குறியை ஒருவன் நெற்றியினின்று அழித்தல் தன்னளவிலேயே தீங்காம். அதற்கு எத்துணை இனிய விளக்கங் கூறினும் தீங்கு தீங்கேயாம். கயிற்றிற்கே விளக்குத் தேவை. கிடப்பது பாம்பேயாயின், விளக்கைக் காட்டி ‘அஞ்சற்க’ என்பது ஏளனமாம். அதனை அகற்றுதலே செய்யத்தக்கது.

ஆகவே, தன்கீழ் வாழ்வார் மனம் வேறுபட்டமை கண்ட தலைவன் முதற்கண் தன்னைத்தானே வினவத்தக்கது ஒன்றுண்டு: ‘இவர் கண்டு அஞ்சுவது கயிறோ, பாம்போ?’ என்பது அது. இவ்வினாவை மெய்யாக வினவாது, எழுந்த குறையெல்லாம் ‘அறியாதார் மயக்கம்’ என்று ஒதுக்குந் தலைவன் தெளிவுரையைத் தன் தவற்றை மறைக்குந் திரையாக்கிக் கொள்கின்றான். ‘அவர்கள் என்னைத் தவறாக விளங்கிக் கொண்டனர்’ என்னும் சொல், உண்மையிற் சரியாகவே விளங்கிக் கொள்ளப்பட்டவர் வாயிலும் அடிக்கடி வருவதொன்று. விளக்கம் நீதிக்குத் துணையாகலாம், நீதிக்கு ஈடாகாது. வேலூரின் மெய்ப்பாடம், தெளிவாகச் சொல்லியிருந்தால் யாவும் நன்றாயிருக்கும் என்பதன்று. செவிசாய்த்துக் கேட்டிருந்தால், எது திரிபு எது தீங்கு என்பதைத் தலைவரே அறிந்திருப்பர். திரிபைச் சொல்லாலும் தீங்கைச் செயலாலும் நீக்கியிருப்பர் என்பதேயாம்.

குன்றக் கூறலின் கேடு

நூலின் குற்றங்களைக் கூறப்புகுந்த இலக்கணப் புலவர், குன்றக் கூறலையும் மயங்க வைத்தலையும் அவற்றுட் சேர்த்தெண்ணினர். நூலில் நேர்ந்தாற் படிப்பவன் அல்லற்படுவன். ஆணையில் நேர்ந்தாற் கேட்பவன் உயிரிழப்பன்.

கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25-ஆம் நாள், பலக்லாவா என்னுமிடத்து ஆங்கிலேயப் படைத்தலைவர் ராக்லன் பிரபு உயர்ந்த மேட்டின்மேல் நின்றிருந்தார். அன்று காலை ருஷ்யர் கைப்பற்றிய பீரங்கிகளை அவர்கள் இழுத்துச் செல்ல முயலுதல் அவருக்குத் தோன்றிற்று. குதிரைப்படை விரைந்து சென்று அதனைத் தடுக்க வேண்டுமென ஓலை எழுதுவித்து, நோலன் என்னும் வீரர்பாற் கொடுத்தனுப்பினார். எந்தப் பீரங்கிகள், எத்திசையில் என்பன ஓலையில் விளங்கவில்லை. மேட்டின்மேல் நின்றார்க்கு அவை கண்முன் இருந்தன. ஆதலிற் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. பள்ளத்தில் நின்ற லூக்கன் பிரபுவுக்கோ அவை தோன்றவில்லை. எவை என்று அவர் வினவியபோது, நோலன் கையை வீசிச் சுட்டினாரேயன்றித் தெளிவாகக் கூறினாரல்லர். பள்ளத்தாக்கின் மறுகோடியில் அணிவகுத்து நின்ற ருஷ்யப் பீரங்கிகளை நோக்கியே ஏறக்குறைய 670 குதிரை வீரர் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓலை கொணர்ந்த நோலனும் தொடக்கத்திலேயே வீழ்ந்தார். லூக்கன் பிரபுவும், பாய்ந்த படையை நடத்திய கார்டிகன் பிரபுவும் உறவினராயிருந்தும் ஒருவரோடொருவர் மனம் பொருந்தாதவர். ஆகவே இருவரும் கலந்து பேசி ஐயம் நீங்குதற்கும் இடமில்லாதொழிந்தது.

இதன்கண் அறியத்தக்கது, மேட்டில் நிற்பவன் காண்பதும் பள்ளத்தில் நிற்பவன் காண்பதும் வேறு என்பது. தலைமை என்பது மேட்டில் நிற்றலே. ‘எனக்குத் தெரிவது அவனுக்குந் தெரியும்’ என்னும் எண்ணமே தலைவர்க்கு நேரும் முதல் மயக்கம். பிறர் மயக்கத்தைத் தீர்க்கப் புகுமுன் இதனைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும்.

நம் தமிழ்க் காப்பியமாகிய சிலப்பதிகாரத்தும் இதனை ஒத்த நிகழ்ச்சியொன்று உண்டு. தேவியின் சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் சொல்லக் கேட்ட பாண்டியன், சிலம்பு அக்கள்வன் கையிலிருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என ஏவினான். ‘இருப்பின்’ என்னும் வரையறை அவ்வாணையில் இருந்தது உண்மையே. ஆயின் கையிலிருப்பது தேவியின் சிலம்புதானா என்று ஒப்பிட்டுக் காண்க என்னும் சொல் அதில் இல்லை. கோவலன் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனாகான் என்று காவலர் ஐயுற்றனர். அவ்வையத்தை அரசன்பால் எடுத்துச் செல்லுதற்கு வழியில்லை. அருகே நின்ற பொற்கொல்லன் சொல்லே விளக்கமாயிற்று. தலைவன் விளக்காது விட்ட இடத்தைத் தன்னலமுடையான் ஒருவன் தன் விளக்கத்தால் நிரப்பிவிடுவான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

கேட்டுத் தெளிதல்

சொல்லுதல் ஒருபாதி, சொன்னது சென்று சேர்ந்ததா என அறிதல் மறுபாதி. 1977 மார்ச் 27-ஆம் நாள், கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனெரீபின் விமான நிலையத்தில், மூடுபனியினூடே இரு பெரு விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட அனுமதி கிடைக்குமுன்னரே ஒரு விமானம் ஓடத் தொடங்கியது. அதன் துணை விமானி கூறிய தொடர், புறப்படக் காத்திருக்கின்றோம் என்றும் புறப்பட்டுவிட்டோம் என்றும் இருபொருள்படுவதாயிருந்தது. நிலையத்தார் ‘சரி’ என்னும் பொருளுடைய சொல்லை முதலில் உரைத்துப் பின் ‘காத்திருங்கள்’ என்றனர். அதே நொடியில் மற்றை விமானத்தாரும் பேசினமையாற் பின்னுரை இரைச்சலில் மறைந்தது. ‘சரி’ என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்பொழுதும் ஒரு வாய்ப்பு இருந்தது. உடனிருந்த பொறியாளர், ‘மற்றை விமானம் இன்னும் பாதையை விட்டு நீங்கவில்லையோ?’ என வினவினார். விமானத் தலைவர் நீங்கிற்று என்றே அழுத்தமாக விடையிறுத்தார். அனுபவத்தில் மிக மூத்தவர் அவர். அவர் துணிந்து கூறியபின் மீட்டும் வினவ ஒருவரும் முன்வரவில்லை.

இக்கேட்டினின்றும் உலகம் சில முறைகளைக் கற்றது. ‘புறப்படுதல்’ என்னும் பொருளுடைய சொல்லை, அனுமதி அளிக்கும்போதும் அதனை நீக்கும்போதுமன்றி வேறெப்பொழுதும் வழங்கலாகாது என விதிக்கப்பட்டது. கேட்டவர் ‘சரி’ என்று மட்டும் கூறாது, கேட்டதைத் திரும்பச் சொல்லிக் காட்டுதல் வலியுறுத்தப்பட்டது. இளையவர் தம் ஐயத்தை அஞ்சாது கூறவும், மூத்தவர் அதனைச் செவிமடுக்கவும் விமானிகளுக்குத் தனிப்பயிற்சி அளித்தல் வழக்கிற்கு வந்தது.

கேட்டதை மீளக் கூறித் தெளிதல் நமக்குப் புதிதன்று. ஆசிரியன்பாற் பாடங் கேட்ட மாணாக்கன் அதனைச் சிந்தித்தலும், ஐயுற்றவற்றை வினவுதலும், ஒருங்கு பயில்வாரோடு உசாவுதலும் நம் முன்னோர் வகுத்த கல்வி முறையே. ஆயின் வினவ இடங்கொடாத ஆசிரியன்பால் மாணாக்கன் வினவான். தன் சொல்லே முடிவெனக் கொண்ட தலைவன்முன் துணைவர் வாய் திறவார். அவர் வாய் திறவாமை பணிவு எனப்படும்; உண்மையில் அஃது அச்சமே. தலைவன்பால் ஆணவம் எத்துணைக்கு ஓங்குகின்றதோ, அத்துணைக்கு அவன் செவி அடைபடும்.

தலைமைக்கு இழுக்கோ?

இனி, ‘தலைவன் தன் செயலுக்கெல்லாம் காரணங் கூறிக்கொண்டிருப்பின் அவன் பெருமை குன்றாதோ?’ என வினவுவார் உளர். பெருமை இருவகைத்து. அறியப்படாமையால் வருவது ஒன்று. அறியப்பட்டமையால் வருவது மற்றொன்று. முன்னது இருளில் நிழல் பெரிதாய்த் தோன்றுதல் போல்வது. வெளிச்சம் பட்டவுடன் குறையும். பின்னது வெளிச்சத்தில் வளருவது. திருவள்ளுவனார் சொல்வன்மை என்னும் அதிகாரத்தை அமைச்சியலில் வைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆட்சி செய்வார்க்குச் சொல்லாற்றல் ஓர் அணியன்று. உறுப்பே என்பது அவர் வைப்புமுறையாற் புலனாகும்.

தன் பிழையை ஒப்புக்கொள்ளுதலும் பெருமையைக் குறைப்பதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 4-ஆம் நாள் விக்ஸ்பர்க் நகரத்தைக் கைக்கொண்டார் கிராண்டு என்னும் படைத்தலைவர். அதற்கு முன்னர் அவர் படையை வடகிழக்கே திருப்பியபோது, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அது தவறெனத் தம்முள் அஞ்சியிருந்தார். வெற்றி கிடைத்தபின், அதே மாதம் 13-ஆம் நாள், தாம் இதுவரை நேரிற் கண்டறியாத அத்தலைவருக்கு அவர் ஒரு சிறு மடல் எழுதினார். தாம் எண்ணியது இன்னது, அஞ்சியது இன்னது என்று வரிசையாகக் கூறி, கிராண்டு செய்ததே சரி, தாம் நினைத்ததே தவறு என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். இதனை எழுதுமாறு அவரை வற்புறுத்தியவர் எவருமிலர். ஆயினும் ஒரு பணியில் ஈடுபட்ட இருவரிடையே மறைந்து கிடக்கும் ஐயம் பின்னொரு நாள் முளைக்கும் என்பதை உணர்ந்து அதனை வேரிலேயே களைந்தார். அம்மடலால் அவர் சிறுமையுற்றார் என்பார் இன்று ஒருவருமிலர்.

‘சில செய்திகளை வெளியிடலாகாதே’ எனின், உண்மையே. போர்த்திட்டத்தையும், பிறர் மானத்தைத் தொடுஞ் செய்தியையும், ஆராய்ச்சி முடியாத வழக்கையும் அம்பலப்படுத்தல் தகாது. ஆயினும் ‘இதனை இப்பொழுது கூறுதற்கில்லை, இக்காரணத்தால் இல்லை, இன்ன காலத்துக் கூறப்படும்’ என்று சொல்லுதற்குத் தடையாது? மறைத்தல் வேறு, மறைக்கின்றோம் என்பதையும் மறைத்தல் வேறு. முன்னதை மக்கள் பொறுப்பர்; பின்னது வெளிப்பட்டால், அதன்பின் மெய் கூறினும் நம்பார்.

‘பகைமையால் திரித்துக் கூறுவார்க்கு விளக்கி என்ன பயன்?’ எனின், பகைவரிடையும் தெளிவு வேண்டப்படும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 1962 அக்டோபரில் கியூபாவில் அமைந்த அணுவாயுத ஏவுகணைகளின் பொருட்டு அமெரிக்காவும் சோவியத்து நாடும் போரின் விளிம்பில் நின்றன. சோவியத்துத் தலைவர் குருஷ்சேவ் விடுத்த நீண்ட மடலொன்று அமெரிக்கத் தலைவர் கென்னடியின் கைக்கு முழுதும் வந்துசேர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆயிற்று. அவ்விடர் நீங்கியபின், 1963 ஜூன் 20-ஆம் நாள், இரு தலைநகரங்களுக்குமிடையே நேர்ச்செய்தித் தொடர்பு அமைக்க உடன்படிக்கை செய்யப்பட்டது. அது பேச்சாக அன்றி எழுத்தாகவே அமைந்தது. விரைந்த பேச்சில் சொல் திரிதல் எளிதாகலின். ஒவ்வொரு நாட்டவரும் தத்தம் மொழியிலேயே எழுதுவதென்றும் வகுத்தனர். அவர்கள் நண்பராகிவிடவில்லை. பகைமை தொடரினும், கருதாத பொருளைக் கருதியதாகக் கொண்டு உலகை அழித்துவிடலாகாது என்னும் அளவிற்குத் தெளிந்தனர். பகைவர்க்கே இத்துணை வேண்டுமாயின், ஒரு கூட்டத்தில் ஒரு நோக்கத்தோடு உழைப்பார்க்கு எத்துணை வேண்டுமென்பது கூறாமலே அமையும்.

நம்மிடை வேண்டுவது

இவ்வாராய்ச்சி பேரரசர்க்கும் படைத்தலைவர்க்குமே உரியதென்று அன்பர்கள் கருதலாகாது. கோயில் அறங்காவலரும், சபைகளின் தலைவரும், பாடசாலை நடத்துவாரும், குடும்பத்தில் மூத்தோரும் தத்தம் அளவில் தலைவரே.

ஓர் ஆலயத்தில் திருப்பணியின் பொருட்டு ஒரு சந்நிதி மூடப்படுகின்றது எனக் கொள்வோம். அறங்காவலர் தூய நெஞ்சினர். கணக்கும் செம்மையாகவே எழுதப்படுகின்றது. ஆயின் எதன்பொருட்டு மூடப்பட்டது, எத்துணைத் திங்கள் மூடியிருக்கும், பொருள் எங்கிருந்து வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பனவற்றை அவர் ஒருவர்க்கும் கூறாராயின் நிகழ்வது என்ன? முதல் திங்களில் அன்பர் வினவுவர். ‘உமக்கேன் அக்கவலை?’ என்னும் விடை கிடைக்கும். இரண்டாந் திங்களில் வினவுதல் நின்றுவிடும். மூன்றாந் திங்களில் திருவாபரணத்தைக் காணவில்லையென்று ஊர் பேசும். பின்னர் வழக்கும் பிளவும் தோன்றித் திருப்பணியே நின்றுபோதலும் உண்டு. வாயிலில் ஒரு பலகையிட்டு நான்கு வரி எழுதியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. தூய நெஞ்சம் ஒன்றே போதும் என்று அவர் கருதினார். நெஞ்சத்தை இறைவன் அறிவான், ஊரார் அறியார். இறைவன்முன் தூயராயிருத்தலோடு, ஊரார்முன் தெளிவாயிருத்தலும் பொதுப்பணி பூண்டார்க்குக் கடனாம்.

இதுகாறுங் கூறியவற்றால், ஆணையிடுவோன் அதன் பொருளோடு காரணத்தையும் விளங்கக் கூறல் வேண்டும் என்பதும், கேட்டவர் எவ்வாறு கொண்டனர் என்பதை அவர் வாயினின்றே அறிதல் வேண்டும் என்பதும், வினவினாரை ஒறுத்தலாகாது என்பதும், அவர் குறையிற் கயிறு எது பாம்பு எது என ஆராய்ந்து முன்னதை விளக்கிப் பின்னதை அகற்றல் வேண்டும் என்பதும், தன்பால் தவறுளதாயின் அதனைத் தானே முன்வந்து கூறல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன. இவற்றுள் இறுதியிற் கூறிய இரண்டுமே அரியன. நாவன்மையுடையார் பலர்க்கு முன்னையவை எளிதிற் கைகூடும். தன் செயலே பாம்பாயிருக்கக் கூடுமோ என்று ஐயுறுதற்கு நாவன்மை உதவாது. தன்முனைப்பு அடங்கிய நெஞ்சமே உதவும். வேலூரில் முஸ்தபா பேக்கின் சொல் தலைவர் செவியிற் படாமலில்லை, நெஞ்சிலே புகவில்லை. அன்று அவன் சொல்லைப் புகவிடாது தடுத்தது யாதோ, அது நம்பாலும் உளதோ என்று தலைமை பூண்டார் ஒவ்வொருவரும் நாள்தோறும் தம்மைத் தாமே ஆராய்ந்து காண்பாராக.